சிறிய அரிசிக் கடைக்கு மின்னஞ்சல் செய்திமடல்: எங்கிருந்து தொடங்குவது?

மன்னார்குடி அரிசிக்கடை

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் மன்னார்குடியில் பாரம்பரிய நெல் ரகங்களை வாங்கி, அரைத்து, அரிசியாக விற்கும் சிறிய கடை ஒன்றை நடத்தி வருகிறோம். தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார் ஆகியவையே எங்களிடம் அதிகம் போகும் ரகங்கள். வியாபாரத்தில் ஏறக்குறைய பாதி உள்ளூர். மீதி சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் கேட்டுக் கூரியரில் அனுப்பும் 5 கிலோ, 10 கிலோ சிப்பங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் தை, மாசியில் ஒரே சங்கடம் திரும்ப வருகிறது. சம்பா அறுவடை முடிந்து புது அரிசி வந்தவுடன், வெளியூர் வாடிக்கையாளர்கள் பழைய அரிசிக்கு வைக்கும் அதே அளவு தண்ணீரை வைத்துவிட்டு, "சாதம் குழைந்துவிட்டது, அரிசி மாறிவிட்டதா?" என்று தொலைபேசியில் கேட்கிறார்கள். புது அரிசி குறைவான தண்ணீரிலேயே வெந்துவிடும் என்பதைச் சென்ற ஆண்டு குறைந்தது முப்பது பேருக்குத் தனித்தனியாகச் சொல்லியிருப்பேன். அரிசி போய்ச் சேர்வதற்கு முன்பே இதை எழுத்தில் சொல்லிவிட்டால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

முதலில் வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியலில் முயன்றேன். ஒரு பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியவில்லை. அதிலும் எங்கள் எண்ணைத் தங்கள் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி சென்றது. எனவே மின்னஞ்சல் செய்திமடல் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். மூன்றாண்டு பில்களிலும் இணைய ஆர்டர் படிவத்திலுமாக ஏறக்குறைய 640 மின்னஞ்சல் முகவரிகள் இருக்கின்றன.

என் ஐயங்கள் இவை. இந்த 640 பேருக்கும் அப்படியே அனுப்பிவிடலாமா? கடையின் ஜிமெயில் கணக்கிலிருந்தே அனுப்பினால் போதுமா, அல்லது அதற்கென்று உள்ள சேவைகளில் ஒன்றை எடுக்க வேண்டுமா? தமிழில் எழுதினால் மடல் ஒழுங்காகத் தெரியுமா? மாதத்திற்கு எத்தனை முறை அனுப்புவது முறை? கணினியில் பில் போடும் அளவுக்குத்தான் எனக்குப் பழக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடி கைத்தறி

வணக்கம் சகோதரி. கண்டாங்கிச் சேலை விற்கும் கடை எங்களுடையது. ஆறு ஆண்டுகளாகச் செய்திமடல் அனுப்பி வருகிறேன். முதல் மடலிலேயே நான் செய்த தவற்றைச் சொன்னால் உங்கள் முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

பில் புத்தகத்தில் இருந்த முகவரிகள் அனைத்தையும் எடுத்து, கடையின் ஜிமெயிலில் பெறுநர் கட்டத்தில் வரிசையாக ஒட்டி அனுப்பினேன். மறைநகல் (பிசிசி) கட்டத்தில் போட வேண்டும் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. ஒவ்வொருவருடைய முகவரியும் மற்ற அனைவருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு வாடிக்கையாளர் "எல்லோருக்கும் பதில்" என்பதை அழுத்தித் தன் சேலை ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்க, இன்னொருவர் தன்னுடையதும் வரவில்லை என்று தொடர, மாலைக்குள் எங்கள் கூரியர் தாமதம் முழுவதும் ஊரறிந்த செய்தியாகிவிட்டது. பல ஆண்டுகளாக வாங்கிவந்த ஓர் ஆசிரியை, "பில்லுக்காகக் கொடுத்த முகவரியை விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ள உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?" என்று எழுதினார். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

ஆகவே, 640 பேருக்கும் அப்படியே அனுப்பாதீர்கள். பில்லுக்காக வாங்கிய முகவரி வேறு, மடலுக்காக மனமுவந்து கொடுத்த முகவரி வேறு. 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது: எதற்காக என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும், கொடுத்த ஒப்புதலை அதே அளவு எளிதாகத் திரும்பப் பெற வழி இருக்க வேண்டும். அதன் விதிகள் படிப்படியாகத்தான் நடைமுறைக்கு வருகின்றன என்றாலும், இப்போதே அந்த முறையில் தொடங்குவது பின்னால் பட்டியலை மறுபடி கட்டும் வேலையை மிச்சப்படுத்தும்.

கடந்த ஓராண்டுக்குள் அரிசி வாங்கியவர்களை மட்டும் பிரித்தெடுங்கள். மூன்றாண்டுக்கு முன் ஒரே ஒருமுறை வாங்கியவர் உங்களை மறந்திருப்பார். மறந்துபோன கடையிலிருந்து வரும் மடலைத்தான் மக்கள் ஸ்பேம், அதாவது வேண்டாத மடல், என்று குறிக்கிறார்கள். பிரித்தெடுத்தவர்களுக்கு ஒரே ஒரு முறை, சிறு சிறு தொகுதிகளாக, "புது அரிசி வரும்போதும் சமையல் முறை மாறும்போதும் எழுத நினைக்கிறோம், விருப்பமானால் இந்த இணைப்பை அழுத்திச் சேர்ந்துகொள்ளுங்கள்" என்று கேளுங்கள். பதில் தராதவர்களை விட்டுவிடுங்கள். நான் கேட்டபோது மூன்றில் ஒரு பங்கினர்தான் சேர்ந்தார்கள். மனம் கொஞ்சம் சோர்ந்தது உண்மைதான். ஆனால் அடுத்த தீபாவளிக்கு ஆர்டர் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்த மூன்றில் ஒரு பங்கில் இருந்தார்கள்.

இனிமேல் வருபவர்களுக்குக் கல்லாவுக்கு அருகில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து எழுதச் சொல்லாதீர்கள். நான் வைத்திருந்தேன். கையெழுத்தில் ஒன்று என்ற எண்ணும் எல் என்ற ஆங்கில எழுத்தும் ஒன்றுபோலவே இருந்தன. புள்ளி எங்கே, அடிக்கோடு எங்கே என்று இரவில் உட்கார்ந்து ஊகிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாகப் பதிவுப் படிவத்தின் கியூஆர் குறியை ஒரு சிறு அட்டையில் அச்சிட்டுத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்திவையுங்கள். அவரே தன் தொலைபேசியில் தட்டச்சு செய்துகொள்வார். பதிவு செய்தவுடன் "இது உங்கள் முகவரிதானா?" என்று கேட்டு ஓர் உறுதிப்படுத்தும் மடல் போகும்படி அமைத்துவிட்டால், தவறான முகவரிகள் பட்டியலுக்குள் நுழைவதே இல்லை.

மடல் வழங்கி

மேலே காரைக்குடி நண்பர் பட்டியலைப் பற்றி எழுதியதோடு முழுக்க உடன்படுகிறேன். மின்னஞ்சல் அனுப்பும் அமைப்புகளைப் பராமரிப்பதே என் வேலை என்பதால், தொழில்நுட்பப் பகுதியைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சாதாரண ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளில் 500 பேருக்குத்தான் அனுப்ப முடியும். அதைவிடப் பெரிய குறை, விலகிக்கொள்ளும் இணைப்பை அது தானாகச் சேர்க்காது என்பதும், யாருடைய முகவரி செயலிழந்துவிட்டது என்று கணக்கு வைத்துக்கொள்ளாது என்பதுமாகும். ஆகவே ஒரு சேவை தேவை. சோஹோ கேம்பெயின்ஸ், மெயில்சிம்ப், பிரெவோ, மெயிலர்லைட் ஆகிய எதுவும் உங்கள் அளவுக்குப் போதும். இலவசத் திட்டங்களின் வரம்புகள் அடிக்கடி மாறுவதால், பதிவு செய்யும் நாளில் அந்தந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சேவையைவிட முக்கியம் சொந்த டொமைன், அதாவது கடையின் பெயரிலேயே உள்ள இணைய முகவரி. பலர் மெயில்சிம்ப் போன்ற ஒன்றில் கணக்குத் தொடங்கி, அனுப்புநர் முகவரியாகக் கடையின் ஜிமெயில் முகவரியையே கொடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஜிமெயில் முகவரியைத் தாங்கிய மடல் கூகுளின் வழங்கியிலிருந்து (சர்வர்) வராமல் வேறெங்கிருந்தோ வந்தால், பெறும் வழங்கி அதைப் போலி என்றே சந்தேகிக்கும். உங்கள் கடைப் பெயரில் ஒரு டாட் இன் டொமைன் வாங்கி, அதிலிருந்து அனுப்புங்கள். இணைய ஆர்டர் படிவம் வைத்திருக்கிறீர்கள் என்பதால் டொமைன் ஏற்கெனவே இருக்கவும் கூடும்.

அந்த டொமைனின் டிஎன்எஸ் என்ற இணையப் பதிவேட்டில் மூன்று பதிவுகளைச் சேர்க்க வேண்டும். பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். எஸ்பிஎஃப் என்பது, "இந்தக் கடையின் பெயரில் மடல் கொண்டுவர இன்னின்ன வழங்கிகளுக்கு மட்டுமே அனுமதி" என்று நீங்கள் வாசலில் ஒட்டிவைக்கும் பட்டியல். டிகேஐஎம் என்பது உறையின் மேல் இடும் அரக்கு முத்திரை போன்றது. வழியில் யாராவது மடலைத் திருத்தினால் முத்திரை பொருந்தாமல் போய்விடும். டிமார்க் என்பது, இவ்விரண்டில் ஒன்றுகூட ஒழுங்காகப் பொருந்தாத மடலை ஏற்பதா, ஸ்பேமில் போடுவதா, திருப்புவதா என்று பெறுபவருக்கு நீங்கள் முன்கூட்டியே எழுதிவைக்கும் குறிப்பு. சேவை தரும் வரிகளைப் படியெடுத்து, டொமைன் வாங்கிய தளத்தில் ஒட்டினால் முடிந்தது. அரைமணி நேர வேலைதான்.

கூகுளும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் இவற்றைக் கண்டிப்பாகக் கேட்கின்றன. ஒரு நாளில் 5000 மடல்களுக்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றும் கட்டாயம். ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் கட்டாயம். உங்களைப் போன்ற சிறிய அனுப்புநர்களிடமும் முதல் இரண்டில் ஒன்றையாவது எதிர்பார்க்கிறார்கள். மூன்றையும் செய்துவிடுவதே நல்லது. ஸ்பேம் புகார்கள் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது என்பதும் கூகுளின் விதி. அதாவது ஆயிரம் மடலுக்கு மூன்று பேர். உங்கள் 640 பேரில் இரண்டு பேர் எரிச்சலில் அந்தப் பொத்தானை அழுத்தினாலே எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். விலகும் இணைப்பைச் சிறிய எழுத்தில் ஒளித்துவைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. விலக வழி தெரியாதவர் வேறென்ன செய்வார்? ஸ்பேம் பொத்தான்தான் கண்ணெதிரே இருக்கிறது.

தமிழைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறையில் தட்டச்சு செய்தால் எங்கும் ஒழுங்காகத் தெரியும். அச்சகத்துக்காகப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துவைத்த துண்டறிக்கையை அப்படியே ஒட்டினால், பெறுபவருக்குப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே போய்ச் சேரும்; முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். செய்தி முழுவதையும் ஒரே படமாகச் செய்து அனுப்பும் பழக்கத்தையும் தவிர்த்துவிடுங்கள். படம் ஏற்றப்படாத இடத்தில் வெற்றுக் கட்டம்தான் தெரியும். கண்பார்வை குறைந்தவர்கள் கேட்கும் திரைவாசிப்பானுக்கும் அதில் படிக்க ஒன்றும் இருக்காது. தலைப்பு வரியில் மட்டும் கவனம் தேவை. கைபேசித் திரையில் தொடக்கத்தில் உள்ள சில சொற்களே தெரியும். நம் சொற்கள் நீளமானவை என்பதால் இன்னும் குறைவாகவே தெரியும். "எங்கள் அன்பான வாடிக்கையாளர்களுக்கு" என்று தொடங்கினால் செய்தி வருவதற்குள் திரை முடிந்துவிடும்.

இன்னொன்று. எத்தனை பேர் திறந்தார்கள் என்று சேவை காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். 2021இல் ஆப்பிள் தன் மின்னஞ்சல் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, மடலிலுள்ள படங்களைப் பயனர் திறக்காவிட்டாலும் முன்கூட்டியே ஏற்றிவிடுகிறது. கணக்கில் அது திறந்ததாகவே பதிவாகும். எத்தனை பேர் பதில் எழுதினார்கள், எத்தனை சிப்பம் போனது என்று பாருங்கள்.

திருப்பூர் மளிகை

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். எங்கள் கடைக்கு வருபவர்களில் மின்னஞ்சலைத் தினமும் பார்ப்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. வங்கிக் கடவுச்சொல் தொலைந்தால்தான் அந்தப் பக்கமே போகிறார்கள். டொமைன், முத்திரை, சட்டம் என்று இவ்வளவு பாடுபடுவதற்குப் பதிலாக, இரண்டு மூன்று வாட்ஸ்அப் பட்டியல்களாகப் பிரித்து அனுப்பிவிட்டு வேலையைப் பார்ப்பதே சிறிய கடைக்கு ஏற்றது என்பது என் அனுபவம். எண்ணைச் சேமிக்காதவர்களிடம் பார்சலுக்குள் ஒரு சீட்டு வைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

காரைக்குடி கைத்தறி

திருப்பூர் நண்பர் சொல்வது உள்ளூர் வியாபாரத்துக்கு முற்றிலும் சரி. மன்னார்குடிக்குள் இருப்பவர்களுக்குக் கடை வாசலில் ஒரு கரும்பலகையே போதும், வாட்ஸ்அப்பும் தேவையில்லை. ஆனால் சகோதரியின் சிக்கல் வெளியூரில் இருக்கிறது. நாள் முழுவதும் அலுவலக மின்னஞ்சலோடு இருப்பவர்கள்தான் அவர்களில் பலராக இருப்பார்கள். தவிர, வாட்ஸ்அப்பில் வந்த சமையல் குறிப்பை மூன்று வாரம் கழித்துத் தேடியெடுப்பது எளிதன்று. அஞ்சல் பெட்டியில் "தூயமல்லி" என்று தட்டினால் வந்து நிற்கும். பார்சலுக்குள் சீட்டு வைக்கும் யோசனை அருமை. கியூஆர் குறியை அந்தச் சீட்டிலேயே அச்சிட்டுவிடலாம்.

மன்னார்குடி அரிசிக்கடை

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரத்தில் செய்தவற்றைச் சொல்கிறேன். ஓராண்டுக்குள் வாங்கியவர்களைப் பிரித்தபோது 640 என்பது 210 ஆகச் சுருங்கியது. அவர்களுக்கு அனுமதி கேட்டு எழுதியதில் 74 பேர் சேர்ந்திருக்கிறார்கள். டொமைன் ஏற்கெனவே இருந்தது. டிஎன்எஸ் வரிகளை என் தங்கை மகன் ஒட்டிக் கொடுத்தான். முதலில் எஸ்பிஎஃப் வரியை இரண்டு முறை ஒட்டிவிட்டான். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது என்று சேவையின் உதவிப் பக்கத்தில் படித்தபின் ஒன்றை நீக்கினோம்.

அனுப்புவதற்கு முன் முதல் மடலின் வரைவை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

*தலைப்பு: அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்குத் தை மாத நல்வாழ்த்துகளும் புதிய வரவுகளும்*

*"மகிழ்ச்சி பொங்கும் இத்திருநாளில் உங்கள் இல்லத்தில் எல்லா வளமும் நிறைய வாழ்த்துகிறோம். பாரம்பரிய அரிசியின் பெருமையை நாம் அனைவரும் அறிவோம். எங்களிடம் தற்போது புதிய தூயமல்லி வந்துள்ளது. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி ஆகியவையும் கிடைக்கும். இந்தத் தூயமல்லி சென்ற மாதம் அறுத்த நெல்லில் அரைத்தது. பழைய அரிசிக்கு ஒரு தம்ளருக்கு மூன்று தம்ளர் தண்ணீர் வைப்பவர்கள் இதற்கு இரண்டரை வைத்தால் போதும். முதல் முறை கொஞ்சமாக வடித்துப் பார்த்து உங்கள் பாத்திரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பழைய அரிசியே வேண்டும் என்பவர்களுக்குச் சென்ற ஆண்டின் தூயமல்லி 40 சிப்பங்கள் மட்டும் மீதம் உள்ளன. ஆர்டர்களுக்குத் தொடர்புகொள்ளவும்."*

ஏதோ ஒன்று குறைகிறது என்று தோன்றுகிறது. எது என்று தெரியவில்லை.

காரைக்குடி கைத்தறி

குறையவில்லை, கூடியிருக்கிறது. முதல் இரண்டு வாக்கியங்களையும் எடுத்துவிடுங்கள். பொங்கல் வாரத்தில் வங்கி முதல் காப்பீட்டு நிறுவனம் வரை எல்லோரும் வளம் நிறைய வாழ்த்தித்தான் எழுதுவார்கள். "சென்ற மாதம் அறுத்த நெல்லில் அரைத்தது" என்பதை உங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது. அதிலிருந்தே தொடங்குங்கள்.

தலைப்பை "புதுத் தூயமல்லி: தண்ணீரை அரைத் தம்ளர் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று மாற்றலாம். மற்ற மூன்று ரகங்களின் பெயரை இந்த மடலில் சேர்க்க வேண்டாம். கவுனிக்குத் தனியாக ஒரு மடல் இருக்கிறது. இரவே ஊறவைக்காமல் அடுப்பில் ஏற்றிவிட்டு வேகவில்லை என்று கேட்பவர்கள் உங்களுக்கும் இருப்பார்களே? அதைத் தீபாவளிப் பலகாரத்துக்கு முன் எழுதுங்கள். மாதத்திற்கு எத்தனை முறை என்று முதலில் கேட்டிருந்தீர்கள். சேலைக் கடைக்கு நான் மாதம் ஒன்று என்று வைத்திருக்கிறேன். உங்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம் என்றே நினைக்கிறேன். குறுவை, சம்பா என்று நெல்லே நாள் குறித்துக் கொடுக்கும்போது, சொல்வதற்கு ஒன்றும் இல்லாத மாதத்தில் எதையாவது எழுதி நிரப்ப வேண்டிய அவசியம் இல்லை. ஆண்டுக்கு ஐந்தாறு மடல் போதும்.

"தொடர்புகொள்ளவும்" என்ற இடத்தில் விலையையும் வழியையும் எழுதுங்கள். 5 கிலோ சிப்பம் எவ்வளவு, கூரியர் சேர்த்தா சேர்க்காமலா, இந்த மடலுக்கே பதில் எழுதினால் ஆர்டர் ஆகிவிடுமா என்பவை தெரிந்தால் ஒரு தொலைபேசி அழைப்பு மிச்சம். பதில் முகவரி நீங்கள் தினமும் திறந்து பார்க்கும் பெட்டியாக இருக்கட்டும். "இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்" என்று கடைக்காரர் எழுதுவது, வாடிக்கையாளர் பேச வாயெடுக்கும்போது கல்லாவை மூடிவிட்டு உள்ளே போவதைப் போன்றது. செவ்வாய்க்கிழமை காலையில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அனுப்பினால் ஆர்டர்கள் சனி, ஞாயிறில் வரும். கூரியர்காரர் திங்களன்றுதான் எடுப்பார், நீங்கள் இரண்டு நாள் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

மடல் வழங்கி

ஒரே ஒரு சேர்க்கை: அனுப்பும் முன் உங்களுக்கே ஒரு சோதனை மடல் அனுப்பி, ஜிமெயிலில் "மூலத்தைக் காட்டு" (Show original) என்பதைத் திறந்து பாருங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் எதிரே தேர்ச்சி (PASS) என்று இருக்க வேண்டும். மடலின் அடியில் கடையின் முழு அஞ்சல் முகவரியையும் போடுங்கள். அமெரிக்காவுக்கு அனுப்பும் வணிக மடல்களில் அந்நாட்டுச் சட்டம் அதைக் கேட்கிறது, பெரும்பாலான சேவைகளும் எல்லோரிடமும் கேட்கின்றன.

மன்னார்குடி அரிசிக்கடை

செவ்வாயன்று காலை பத்து மணிக்கு அனுப்பினேன். மூன்று பதிவுகளும் தேர்ச்சி என்று காட்டின. இரண்டு மடல்கள் திரும்பிவிட்டன. ஒருவருடைய பெட்டி நிரம்பியிருக்கிறது, இன்னொருவர் படிவத்தில் ஜிமெயில் என்பதில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறார். காரைக்குடி நண்பர் சொன்ன உறுதிப்படுத்தும் மடலை நான் இன்னும் அமைக்கவில்லை என்பதால் வந்த வினை, இன்று அமைத்துவிட்டேன். ஒருவர் விலகிக்கொண்டார். பதினொரு பேர் பதில் எழுதினார்கள். அவர்களில் ஏழு பேர் பழைய அரிசியே வேண்டும் என்று கேட்டு, அந்த 40 சிப்பத்தில் 16 போய்விட்டது. இரண்டு பேர் குக்கரில் வைப்பதானால் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். நாங்கள் எப்போதும் வடித்தே பழகியவர்கள் என்பதால் அந்த அளவு எனக்கே தெரியவில்லை. நாளை பக்கத்து வீட்டுக் குக்கரை வாங்கி வைத்துப் பார்த்துவிட்டு அவர்களுக்கு எழுத வேண்டும்.